ஜெர்மனியில் முதல் ஆறு மாதம்: எதை முதலில், எதை அப்புறம்

ஜெர்மனியில் எந்தக் காரியத்தைத் தொட்டாலும், அதற்கு முன்னால் முடித்திருக்க வேண்டிய இன்னொரு காரியம் இருக்கும். சம்பளத்தில் வரி சரியாகப் பிடிக்க வரி எண் வேண்டும். வரி எண் வர முகவரிப் பதிவு வேண்டும். பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அந்த வீட்டைக் கொடுக்கிறவர் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார். வந்த புதிதில் எல்லாரும் இந்தச் சுழலில்தான் சிக்கித் தலையைச் சொறிகிறார்கள். உள்ளே நுழைய வழி ஒன்றுதான், அது முகவரி. அதைப் பிடித்துவிட்டால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும்.

வேலை விசா, ப்ளூ கார்டு (பட்டதாரி வேலையாட்களுக்கான தங்கும் அனுமதி), படிப்பு, துணையோடு சேர்ந்து வாழ்வது என்று வருகிறவர்களை மனதில் வைத்து, நடக்கவேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். தஞ்சம் கோரி வருகிறவர்களுக்கு நடைமுறை முற்றிலும் வேறு. அது இந்தக் கட்டுரையில் இல்லை.

ஊரில் இருக்கும்போதே

முதலில் பெயரைப் பாருங்கள். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக இருக்கும், இல்லையென்றால் அப்பா பெயர் இருக்கும். பள்ளிச் சான்றிதழில் வெறும் இனிஷியல். ஜெர்மன் அலுவலகங்களுக்கு இனிஷியல் என்ற ஏற்பாடே தெரியாது. சான்றிதழில் ‘கு. செல்வராணி’, பாஸ்போர்ட்டில் ‘செல்வராணி குமாரசாமி’ என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்தால் பாஸ்போர்ட்டில் இரண்டு இடத்தையும் நிரப்பிக்கொண்டு, எல்லாத் தாளிலும் ஒரே எழுத்துக்கூட்டல் வருமாறு சரிசெய்துகொண்டு கிளம்புங்கள். குடும்பப் பெயர் இடத்தில் எது இருக்கிறதோ அதுதான் இங்கே உங்கள் பெயர். மருத்துவமனை வரவேற்பறையில் ‘ஃப்ராவ் (திருமதி) குமாரசாமி’ என்று கூப்பிட்டால், அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போக வேண்டும்.

மூலச் சான்றிதழ்களைக் கையோடு எடுத்து வாருங்கள். பிறப்பு, திருமணம், பட்டம், மதிப்பெண் பட்டியல், பழைய வேலைகளின் அனுபவக் கடிதங்கள், ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். குழந்தைகளின் தடுப்பூசி அட்டையை மறந்துவிடாதீர்கள். 2020 மார்ச் முதல் இங்கே பள்ளியிலோ கிட்டா எனப்படும் மழலையர் காப்பகத்திலோ சேர, தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான சான்று சட்டப்படி கட்டாயம். மொழிபெயர்ப்பு கேட்டால், நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் செய்தது வேண்டும் என்பார்கள். உறவுக்காரப் பையன் ஜெர்மன் படித்திருக்கிறான் என்று அவனிடம் கொடுத்தால் செல்லாது.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள், வங்கிச் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இங்கிருந்து செய்தால் இழுத்துக்கொண்டே போகும்.

பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்பதில் சுங்க விதிகள் கொஞ்சம் வேடிக்கையானவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. அம்மா உருக்கிக் கொடுத்த நெய்யும் அதில் அடக்கம். ஆனால் கருவாட்டுக்குத் தடை இல்லை, மீன் வகைகள் 20 கிலோ வரை போகலாம். மணம் வேறு விஷயம், நன்றாகக் கட்டுங்கள். பச்சையான காய், பழம், இலை எதற்கும் தாவரநலச் சான்று வேண்டும். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஆகவே தேங்காய் வரலாம், கறிவேப்பிலைக் கொத்து வரக் கூடாது. பொடிகளும் மசாலாவும் தாராளமாக வரலாம்.

மிக்சியும் கிரைண்டரும் இங்கே ஓடும், மின்னழுத்தம் கிட்டத்தட்ட நம் ஊர் அளவுதான். மூன்று முள் பிளக்தான் பொருந்தாது. மண்கம்பித் தொடர்போடு கூடிய நல்ல அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். அடுப்பு பெரும்பாலும் கண்ணாடித் தகடு போட்ட மின் அடுப்பு. உருண்டை அடி வாணலி அதில் நிற்காது. இண்டக்‌ஷன் என்றால் அலுமினியப் பாத்திரம் சூடே ஏறாது. குக்கர் கொண்டுவருவதாக இருந்தால் தட்டை அடி எவர்சில்வரில் வாங்குங்கள்.

தற்காலிக வீடு: ஒரே கேள்வி

முதல் ஒன்றிரண்டு மாதத்துக்கு அறை பிடிக்கும்போது விலை, மெட்ரோ தூரம் எல்லாம் பார்ப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: இந்த முகவரியில் ஆன்மெல்டுங் செய்ய முடியுமா? ஆன்மெல்டுங் என்பது நகர அலுவலகத்தில் உங்கள் முகவரியைப் பதிவது. ஹாஸ்டலிலும் குறுகிய கால விடுதிகளிலும் பெரும்பாலும் முடியாது. மாணவர் விடுதி, நிறுவனங்கள் ஏற்பாடு செய்யும் தங்குமிடம், வீட்டுக்காரர் சம்மதத்தோடு கிடைக்கும் உள்வாடகை அறை இவற்றில் முடியும். 200 யூரோ குறைவு என்று பதிவு இல்லாத அறையைப் பிடித்தால், மற்ற எல்லாமே அந்த இடத்தில் நின்றுவிடும். வாட்ஸ்அப் குழுக்களில் ‘முகவரி மட்டும் தருகிறோம், காசு கொடுங்கள்’ என்று வருவதைத் தொடவே தொடாதீர்கள். குடியிருக்காத இடத்தில் பதிவது சட்டப்படி அபராதத்துக்குரியது.

வீடு தேடும் தளங்களில் மோசடி மலிந்து கிடக்கிறது. கதை எப்போதும் ஒன்றுதான். படத்தில் வீடு அரண்மனை மாதிரி இருக்கும், வாடகை பாதி விலை, சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பார், பணம் போட்டால் சாவியைத் தபாலில் அனுப்புவார். வீட்டை நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ நேரில் பார்க்காமல் ஒரு சென்ட் கூட அனுப்பாதீர்கள்.

ஆன்மெல்டுங்

குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இடம் பியூர்கர்ஆம்ட், சில ஊர்களில் பியூர்கர்பியூரோ. கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா, நிரப்பிய படிவம், வீட்டுக்காரர் தரும் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங் என்ற உறுதித் தாள். வாடகை ஒப்பந்தம் இருக்கிறதே என்று இதை வாங்காமல் போகிறவர்கள் நிறைய. ஒப்பந்தம் அதற்கு ஈடாகாது. குடும்பத்தோடு வந்திருந்தால் திருமணச் சான்றும் குழந்தைகளின் பிறப்புச் சான்றும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

பெர்லின் போன்ற பெரிய நகரங்களில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. இணையத்தில் அதிகாலையில் பாருங்கள், ரத்தான நேரங்கள் அப்போதுதான் தென்படும். நகரத்தின் எந்தப் பகுதி அலுவலகமானாலும் சரி, கிடைத்ததைப் பிடியுங்கள். இரண்டு வாரம் தாண்டித்தான் நேரம் கிடைத்தது என்றால், முன்பதிவுக் கடிதத்தை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். முயன்றவர்களைப் பொதுவாக யாரும் தண்டிப்பதில்லை.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். அவசரத்தில் நிரப்பாதீர்கள். கத்தோலிக்கத் திருச்சபை, எவாஞ்செலிக்கத் திருச்சபை உறுப்பினர் என்று எழுதினால் சம்பளத்திலிருந்து தேவாலய வரி பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தப் பிடித்தம் கிடையாது. நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திகைப்பது இதனால்தான். அது திருச்சபைக்கு நேரே போகும் பணம். மனமுவந்து கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், ஆனால் தெரிந்து கொடுக்க வேண்டும். பின்னால் விலக வேண்டுமென்றால் அதற்குத் தனியாக அலுவலகம் ஏறி இறங்க வேண்டும்.

பதிவு முடிந்ததும் கையில் தரும் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு அதுதான் உங்கள் ரேஷன் கார்டு.

தபால் பெட்டியில் பெயர்

இதற்கு ஏன் தனித் தலைப்பு என்று கேட்கலாம். ஜெர்மானிய அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெட்டியிலும் அழைப்பு மணியிலும் உங்கள் குடும்பப் பெயர் இல்லையென்றால், வரி எண், வங்கி அட்டை, ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் வந்த வழியே திரும்பிவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. சாவி வாங்கிய அன்றே ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். கணவன் மனைவி பாஸ்போர்ட்டில் வேறு வேறு குடும்பப் பெயர் என்றால் இரண்டையும் எழுதுங்கள்.

இந்த நாடு இன்னும் காகிதத்தில்தான் பேசுகிறது. வரும் கடிதம் ஒவ்வொன்றையும் அன்றன்றே பிரியுங்கள். போனில் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் முக்கால்வாசி விளங்கிவிடும். தேதி, தொகை, கெடு இந்த மூன்றையும் முதலில் தேடுங்கள். மஞ்சள் உறையில் வந்தால் கூடுதல் கவனம். அது சட்டப்படி சேர்ப்பிக்கப்பட்ட கடிதம். தபால்காரர் உறைமேல் எழுதும் தேதியிலிருந்து கெடு ஓடத் தொடங்கும், ஆகவே உறையையும் எறியக் கூடாது. அரசு முடிவுகளுக்கு ஆட்சேபம் தெரிவிக்க வழக்கமாக ஒரு மாதம்தான்.

முதல் மாதங்களில் வரும் ஒரு கடிதத்தை எல்லாரும் மோசடி என்று நினைக்கிறார்கள்: பொது ஒலிபரப்புக் கட்டணம் கட்டச் சொல்லி வருவது. உண்மையான கடிதம்தான். மாதம் 18.36 யூரோ, வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். ஆனால் ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு ஒன்று. அறையைப் பகிர்ந்து இருக்கிறவர்கள் ஏற்கெனவே கட்டுகிறவரின் எண்ணைக் கொடுத்தால் போதும்.

தடியான அட்டைக் கோப்பு ஒன்று வாங்கி, பிரிப்பட்டை வைத்து வாடகை, வேலை, காப்பீடு, விசா என்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஜெர்மானியர் வீட்டில் சாமிப் படம் இருக்கிறதோ இல்லையோ, இந்தக் கோப்பு அலமாரி இருக்கும்.

வரி, வங்கி, காப்பீடு

பதிவு செய்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது வருவதற்குள் சம்பளம் போட வேண்டியிருந்தால் நிறுவனம் ஆறாம் வரி வகுப்பில் பிடிக்கலாம், வகுப்புகளில் அதுதான் மிக அதிகம். பயப்பட வேண்டாம், எண்ணைக் கொடுத்ததும் சரிசெய்துவிடுவார்கள். தனியாள் முதல் வகுப்பு. மணமானவர்கள் இருவரும் இங்கே வாழ்ந்தால் மூன்று–ஐந்து அல்லது நான்கு–நான்கு என்று தேர்ந்தெடுக்கலாம். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டில் மூன்று–ஐந்து எடுத்தால் மாதக் கைச்சம்பளம் கூடும். துணை இன்னும் ஊரில் இருந்தால் அந்தச் சலுகை இல்லை.

ஆண்டின் நடுவில் வந்தவர்கள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பி வரும். கட்டாயம் இல்லாதவர்கள் நான்கு ஆண்டு வரை தாக்கல் செய்யலாம். குடிபெயர்ந்த செலவு, வேலைக்காக வாங்கிய கணினி ஆகியவற்றின் ரசீதுகளை இப்போதே சேருங்கள்.

வங்கிக் கணக்கு எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம். கிளை வங்கியில் கட்டணம் உண்டு, ஆனால் முகத்தைப் பார்த்துப் பேச ஆள் இருக்கும். இணைய வங்கியில் கட்டணம் இல்லை, சிக்கல் வந்தால் மின்னஞ்சலோடுதான் மல்லாட வேண்டும். கணக்கிலிருந்து மற்றவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளும் முறை இங்கே சாதாரணம். தவறாக எடுத்தால் எட்டு வாரத்துக்குள் வங்கியிடம் சொல்லித் திருப்பி வாங்கிவிடலாம்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். பொதுக் காப்பீட்டில் சம்பளத்தில் 14.6 சதவீதமும், ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாறும் கூடுதல் விகிதமும் சேர்ந்து வரும். பாதியை முதலாளி கட்டுவார். சம்பளம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம், 2025இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 73,800 யூரோ. முகவர்கள் இளைஞர்களைத் தேடிவந்து ‘மாதம் இவ்வளவு மிச்சம்’ என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். என் கருத்து: குடும்பம் வரப்போகிறது என்றால் பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள். அதில் வேலை செய்யாத துணையும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்வார்கள். தனியாரில் தலைக்குத் தலை கட்ட வேண்டும், வயது ஏறினால் தொகையும் ஏறும், திரும்பி வருவதும் எளிதல்ல.

வீட்டருகே ஒரு குடும்ப மருத்துவரை நோய் வருவதற்கு முன்பே பிடித்துவையுங்கள். சிறப்பு மருத்துவரிடம் அவர் வழியாகப் போனால் சுலபம். காய்ச்சல் என்று போனால் ஊசியோ ஆண்டிபயாட்டிக்கோ எதிர்பார்க்காதீர்கள். தேநீர் குடி, ஓய்வெடு, மூன்று நாள் கழித்து வா என்பார்கள். அது அலட்சியம் அல்ல, இங்கத்திய வழக்கம். இரவிலும் வார இறுதியிலும் அவசரமற்ற நோய்க்கு 116117, உயிர் ஆபத்துக்கும் தீக்கும் 112, காவல்துறைக்கு 110. உடம்பு சரியில்லை என்றால் அன்று காலையே அலுவலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும். மூன்று நாளுக்கு மேல் நீண்டால் மருத்துவச் சான்று கட்டாயம். சில நிறுவனங்கள் முதல் நாளே கேட்கும்.

கட்டாயமில்லாத காப்பீடுகளில் ஒன்றை மட்டும் உடனே எடுங்கள்: ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட், அதாவது நம்மால் பிறருக்கு வரும் நஷ்டத்தை ஏற்கும் காப்பீடு. ஆண்டுக்கு 100 யூரோவுக்குள் முடியும். கட்டடத்தின் பொதுச் சாவியைத் தொலைத்தால் எல்லாப் பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழும், அது ஆயிரக்கணக்கில் போகும். சாவி இழப்பு அதில் அடங்குகிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

விசாவைத் தங்கும் அனுமதியாக மாற்றுதல்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா நுழைவுக்கானது. அதை அட்டையாக மாற்றித் தருவது வெளிநாட்டவர் அலுவலகம். பதிவு முடிந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள். பல ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருப்பு. விசா முடிவதற்குள் விண்ணப்பித்திருந்தால் பழைய உரிமை தொடரும். அதற்குச் சான்றாக ஃபிக்‌ஷியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று கட்டங்கள் இருக்கும். 81ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு என்ற கட்டம் குறிக்கப்பட்டிருந்தால்தான் ஊருக்குப் போய்விட்டு அதைக் காட்டித் திரும்பி வர முடியும். தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ப்ளூ கார்டுக்காரர்கள் முதல் 12 மாதத்துக்குள் வேலை மாறினால் இந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 27 மாதம் ஓய்வூதியப் பங்கு கட்டி, அடிப்படை ஜெர்மன் தெரிந்தால் நிரந்தரத் தங்கும் உரிமை கேட்கலாம். பி1 எனப்படும் இடைநிலை மொழித் தேர்வு முடித்தவர்களுக்கு 21 மாதம் போதும். ஆறு மாதம் முன்கூட்டியே கிடைக்கும் இந்தச் சலுகைக்காகவாவது மொழியைப் படியுங்கள் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

நிலையான வீடு

விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்பது வெறும் வாடகை, வார்ம்மீட்டே என்பது வெப்பம், தண்ணீர், குப்பை முதலிய செலவுகள் சேர்ந்தது. மின்சாரம் பொதுவாக இரண்டிலும் வராது. வார்ம்மீட்டேயில் சேரும் கூடுதல் செலவு முன்பணம்தான். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து மிச்சத்தைத் தருவார்கள், போதாவிட்டால் கேட்பார்கள். முதல் குளிர்காலத்தில் வெப்பத்தை முழுக்கத் திறந்துவிட்டு உள்ளே பனியனோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு மறு ஆண்டு பெரிய சீட்டு வரும்.

வைப்புத்தொகை மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம், சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. தரகரை யார் அமர்த்தினாரோ அவரே கூலி கொடுக்க வேண்டும் என்பது 2015 முதல் விதி. ஷூஃபா எனப்படும் கடன் நாணயச் சான்று கேட்பார்கள். வந்த புதிதில் உங்களைப் பற்றி அதில் எதுவும் இருக்காது. வேலை ஒப்பந்தமும், நிறுவனம் தரும் ஒரு கடிதமும், உங்களைப் பற்றிய அரைப் பக்க அறிமுகமும் சேர்த்து ஒரே பிடிஎஃப் கோப்பாக வைத்திருந்து, விளம்பரம் வந்த முதல் மணி நேரத்தில் அனுப்புங்கள். அரை நாள் தாமதித்தால் நூறு பேர் முந்திவிடுவார்கள்.

வாடகைக்கு வரும் வீட்டில் பல சமயம் சமையலறையே இருக்காது. சுவரில் தண்ணீர்க் குழாய் முனையும் அடுப்புக்கான மின்கம்பியும் மட்டும் இருக்கும். தொட்டி, அடுப்பு, அலமாரி எல்லாம் போனவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் கூரையிலிருந்து கம்பி தொங்கும். போகிறவரிடம் பேசிச் சமையலறையை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், புதிதாகப் போடுவதைவிட அது மலிவு.

சாவி வாங்கும் நாளில் ஒப்படைப்புத் தாளில் ஒவ்வொரு கீறலையும் எழுதச் சொல்லுங்கள், படமும் எடுங்கள். மின், வெப்ப மீட்டர்களின் எண்களைக் குறியுங்கள். காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு, கையெழுத்திட்ட கடிதமாகத்தான் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி செல்லாது.

அக்கம்பக்கம்

ஜன்னல் கைப்பிடி கிடையாகத் திரும்பினால் கதவு போல முழுதாகத் திறக்கும், மேல் நோக்கித் திருப்பினால் தலைப்பக்கம் மட்டும் உள்ளே சாயும். முதல் முறை சாயும்போது ஜன்னலே கழன்று தலையில் விழுவதாகத்தான் தோன்றும். குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு மூன்று முறை ஐந்து பத்து நிமிடம் முழுதாகத் திறந்து வையுங்கள். சாய்த்து வைப்பது மட்டும் போதாது. நாம் சோறு வடித்து, இட்லி அவித்து, குழம்பு கொதிக்க வைக்கிற ஆட்கள். அந்த நீராவி குளிர்ந்த சுவரில் படிந்தால் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறும், செலவு கணக்கு உங்கள் பேரில் வரும். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறங்கள், புகை எச்சரிக்கைக் கருவி அடுத்த அறையில்தான் இருக்கிறது.

இரவு 10 மணிக்கு மேல் அமைதி நேரம். ஞாயிறு முழுதும் அப்படித்தான். கிரைண்டரில் மாவரைப்பதைச் சனிக்கிழமை பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு கடைகளும் இருக்காது. பெரிய ரயில் நிலையக் கடைகள் போன்ற சில மட்டும் திறந்திருக்கும். ஸ்டுட்கார்ட் பக்கம் போனால் கேர்வோஹே என்ற வழக்கம் உண்டு. மாடிப்படியும் வாசலும் பெருக்கும் முறை வாராவாரம் வீடு மாறும். உங்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கினால் இந்த வாரம் நீங்கள். செய்யாவிட்டால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் படியில் வணக்கம் நின்றுபோகும்.

குப்பை காகிதம், மக்குவது, பொட்டலப் பொருள், மீதி என்று பிரியும். கண்ணாடி, தெருமுனைத் தொட்டியில் நிறவாரியாக. பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் பெரும்பாலும் 25 சென்ட் முன்பணம் உண்டு, கடை இயந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்குங்கள்.

ரயிலும் காரும்

டாய்ச்லாந்துடிக்கெட் என்ற மாதப் பயணச்சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025இல் 58 ஆகி, 2026இல் 63 ஆகியிருக்கிறது. நாடு முழுக்க ஊர்ப் பேருந்து, மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் போகலாம். ஐசிஇ போன்ற விரைவு ரயிலில் செல்லாது. அது மாதச் சந்தா. நிறுத்துவதானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ, புதியவன் என்ற சமாதானம் எடுபடாது.

இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தில் ஆறு மாதம்தான் ஓட்டலாம். அப்புறம் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் எழுதித்தான் மாற்ற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. இருபது ஆண்டு சென்னையில் ஓட்டினேன் என்கிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை என்ற விதியும், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் பழக்கமும் புதிது. சில வகுப்புகள் எடுத்துக்கொண்டு போவது செலவை மிச்சப்படுத்தும்.

பிள்ளைகள்

கிட்டா இடத்துக்குக் குழந்தை ஊரில் இருக்கும்போதே பெயர் கொடுங்கள். ஒரு வயதிலிருந்து இடம் கேட்கும் உரிமை 2013 முதல் சட்டத்தில் இருக்கிறது, இடம்தான் இல்லை. பள்ளி, ஆறு வயதிலிருந்து கட்டாயம், அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. விமானக் கட்டணம் குறைவு என்று விடுமுறைக்கு மூன்று நாள் முன்னால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள். அபராதம் போடுவார்கள், பவேரியாவில் விமான நிலையத்திலேயே போலீஸ் விசாரித்திருக்கிறது.

கின்டர்கெல்ட் என்ற குழந்தைப் பணம் 2025இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 255 யூரோ. தானாக வராது, ஃபமிலியன்காஸ்ஸே என்ற அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பின்னோக்கி ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

நம்மவர்களும் மொழியும்

1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் இங்கே வேரூன்றியிருக்கிறார்கள். பொன்னி அரிசி, முருங்கைக்காய், கறிவேப்பிலை கிடைக்கும் கடைகள் பெரும்பாலும் அவர்களுடையவை. பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளும் உண்டு. ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் கூட்டம் வரும். வீடு, மருத்துவர், கடை பற்றி அங்குள்ள அண்ணன், அக்காமாரைக் கேட்டால் சொந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்வார்கள். விசா விஷயத்தை மட்டும் அவர்களிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். அவர்கள் வந்த வழியும் காலமும் வேறு, சட்டம் பலமுறை மாறிவிட்டது.

அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்பது உண்மைதான். ஆனால் பல்வலி, பள்ளிக் கூட்டம், மின்சாரக் கடிதம் எதுவும் ஆங்கிலத்தில் வராது. துணையாக வந்து வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. முதல் குளிர்காலம் அவர்களைத்தான் வாட்டுகிறது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒருங்கிணைப்பு வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். அதில் 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் நாட்டைப் பற்றிய பாடம், இலக்கு பி1. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஃபோக்ஸ்ஹோக்‌ஷூலே என்ற மக்கள் கல்விக்கூடங்களில் மாலை வகுப்புகள் தனியார் பள்ளிகளைவிட மலிவாகக் கிடைக்கும். புதிய பருவங்கள் பெரும்பாலும் செப்டம்பரிலும் பிப்ரவரியிலும் தொடங்கும். இடங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும் என்பதால் பதிவு திறந்த வாரமே பெயர் கொடுத்துவிடுங்கள்.